குறுங்கணவாயையும் காட்டுச் சாலமாண்டரையும் ஒப்பிட்டு எழுதுவது எப்படி?

சென்ற ஐப்பசி மழையில், விலங்கியல் இறுதியாண்டு படிக்கும் மாணவி ஒருவர் கானாடுகாத்தானில் எங்கள் வீட்டுப் பட்டாலைக்கு நான்கு பக்க அட்டவணை ஒன்றைக் கொண்டுவந்தார். இடப்பக்கம் கணவாய், வலப்பக்கம் தவளைக்கு உறவான, வாலுள்ள சாலமாண்டர், நடுவில் ஒரு கோடு. முதுகெலும்பு இல்லை என்றால் எதிரே உண்டு, வாழிடம் கடல் என்றால் எதிரே காடு, இரத்தம் நீலம் என்றால் எதிரே சிவப்பு என்று ஐம்பத்திரண்டு வரிகள் இருந்தன. இரண்டொரு வரிகளைத் தவிர எதிலும் தவறில்லை. ஆனாலும் படித்து முடித்தபோது இரண்டு விலங்குகளைப் பற்றியும் எனக்குப் புதிதாக ஒன்றும் விளங்கவில்லை. “ஏம்மா, ஆட்டுக்கல்லையும் ஆலமரத்தையும் பக்கத்துல வச்சாலும் இதே மாதிரி அம்பது வரி எழுதிரலாமே” என்றேன். “அப்ப எப்படித்தான் சார் எழுதுறது?” என்று கேட்டார். அன்று மாலை வரை அவருக்குச் சொன்னதையும், அடுத்த வாரம் இருவரும் செய்து பார்த்ததையும் இங்கே ஒழுங்குபடுத்தித் தருகிறேன். ஒப்பீட்டுக் கட்டுரை எழுத வேண்டிய எவருக்கும், விலங்குகள் வேறாக இருந்தாலும், இந்த முறை பயன்படும்.

முதல் வேலை, இனத்தை உறுதி செய்வது. கணவாய் என்று பொதுவாக எழுதினால் விரல்நகம் அளவுள்ள குள்ளக் கணவாயும் பத்து மீட்டரைத் தாண்டும் ராட்சதக் கணவாயும் அந்த ஒரே சொல்லுக்குள் வந்துவிடும். சாலமாண்டர் என்று பொதுவாக எழுதினால், ஓர் ஆள் நீளம் வளரும் சீனத்து ராட்சதச் சாலமாண்டரும் சுண்டுவிரல் பருமன்கூட இல்லாத காட்டுச் சாலமாண்டரும் ஒன்றாகிவிடும். இப்படிப்பட்ட பொதுச் சொற்களை வைத்துக்கொண்டு எழுதும் எந்த வாக்கியமும் பாதி உண்மையாகத்தான் இருக்கும். ஆகவே நாங்கள் ஒவ்வொரு பக்கத்திலும் ஒரே ஓர் இனத்தை எடுத்துக்கொண்டோம். ஒன்று, 1823இல் பிளான்வில் பெயரிட்ட லோலிகன்குலா பிரெவிஸ். அட்லாண்டிக் கடலின் மேற்குக் கரையோரம் வாழும் இதன் உடல் உறை (உள்ளுறுப்புகளை மூடியிருக்கும் சதைப்பை) அதிகம் போனால் 11, 12 சென்டிமீட்டர்தான் வளரும் என்பதால் இக்கட்டுரையில் இதைக் குறுங்கணவாய் என்கிறேன். மற்றொன்று, 1818இல் கிரீன் பெயரிட்ட பிளெத்தோடான் சினரியஸ். கனடாவின் தென்கிழக்கிலிருந்து வட கரோலினா வரை இலையுதிர் காடுகளில், விழுந்த மரங்களுக்கும் சருகுக்கும் அடியில் வாழ்வது. முதுகில் செம்பட்டை ஓடுவதால் செம்முதுகுச் சாலமாண்டர் எனலாம், ஆனால் அந்தப் பட்டை இல்லாமல் ஈயச் சாம்பல் நிறத்திலேயே இருப்பவையும் இதே இனத்தில் உண்டு. இவ்விரண்டையும் தேர்ந்ததற்குக் காரணம் இருக்கிறது: அமெரிக்காவின் செசபீக் விரிகுடாவில் குறுங்கணவாய் கோடையில் உள்ளே வருகிறது, அந்த விரிகுடாவைச் சூழ்ந்த மேரிலாந்து, வர்ஜீனியா காடுகளில் செம்முதுகுச் சாலமாண்டர் வாழ்கிறது. ஏறத்தாழ ஒரே வட்டாரத்து விலங்குகளை எடுத்துக்கொண்டால், குளிர், மழை, பருவம் ஆகியவற்றால் வரும் வேறுபாடுகளை இனத்தின் வேறுபாடாக எண்ணி ஏமாற வேண்டியதில்லை.

இரண்டாவது வேலைதான் கட்டுரையின் உயிர்: எதைப் பற்றி ஒப்பிடுகிறோம் என்பதை ஒரே கேள்வியாக எழுதிக்கொள்ள வேண்டும். “வேறுபாடுகள் யாவை?” என்பது கேள்வியே அல்ல, கணவாய்க்கும் சாலமாண்டருக்கும் பொதுவான மூதாதை 55 கோடி ஆண்டுகளுக்கும் முன் வாழ்ந்தது என்பதால், இவற்றிடையே வேறுபாடு இல்லாத இடத்தைத் தேடுவதுதான் கடினம். நான் அந்த மாணவியிடம் சொன்ன கேள்வி வேறு. ஒவ்வொரு விலங்கும் தன் கூட்டத்தின் எந்த வழக்கத்தை மீறியிருக்கிறது, அந்த மீறலுக்கு அதன் உடல் என்ன விலை கொடுத்திருக்கிறது? கணவாய், ஆக்டோபஸ் முதலிய தலைக்காலிகளில் நன்னீரில் வாழும் இனம் உலகில் ஒன்றுகூட இல்லை. எல்லாமே கடலின் உப்புக்குக் கட்டுப்பட்டவை. குறுங்கணவாய் மட்டும் அந்தக் கட்டை ஓரளவு தளர்த்திக்கொண்டு, கடல் உப்பில் பாதியே உள்ள முகத்துவார நீருக்குள் வந்து இரை தேடுகிறது. இருவாழ்விகள் என்ற பெயரே, இளமையில் நீரிலும் வளர்ந்தபின் நிலத்திலும் வாழும் அவற்றின் வழக்கத்தால் வந்தது. செம்முதுகுச் சாலமாண்டரோ முட்டையிடக்கூட நீருக்குள் இறங்குவதில்லை. ஒன்று உப்பின் எல்லையைக் கடந்தது, மற்றொன்று நீரின் எல்லையைக் கடந்தது. இப்படி ஓர் அச்சு கிடைத்துவிட்டால் ஐம்பத்திரண்டு வரிகளில் எவை வேண்டும், எவை வேண்டாம் என்பதை அச்சே சொல்லிவிடும்.

இதற்குப் பிறகுதான் விலங்கைக் கையில் எடுக்க வேண்டும். குறுங்கணவாய் நமக்குக் கிடைக்காது. ஆனால் அதே லோலிஜினிடே குடும்பத்தைச் சேர்ந்த ஊசிக் கணவாய் தொண்டிக் கரையில் இறங்கி, திருவாடானை, தேவகோட்டை வழியாகக் காரைக்குடிக்கு ஐஸ் பெட்டியில் வந்துசேர்கிறது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை கிழக்குக் கரையில் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம் என்பதால் அந்த இரண்டு மாதங்களில் இந்த வேலையை வைத்துக்கொள்ள வேண்டாம். சந்தையில் “விடியக்காலம் ஏத்துனது சார், தோல் உரியல பாருங்க” என்று அந்த அம்மாள் எடுத்துக் காட்டிய கணவாயின் தோலில் அரக்கு நிறப் புள்ளிகள் அப்போதும் விரிந்து சுருங்கிக்கொண்டிருந்தன. இப்படித் தோல் முழுமையாக இருப்பதைத்தான் கேட்டு வாங்க வேண்டும். சுத்தம் செய்து வெள்ளையாக அடுக்கி வைத்திருப்பது குழம்புக்கு ஆகுமே தவிர, படிப்புக்கு ஆகாது. குறிப்பேட்டின் முதல் வரியாக “இது குறுங்கணவாய் அல்ல, அதன் குடும்பத்து உறவு” என்று எழுதிவிட்டே கத்தரிக்கோலை எடுக்க வேண்டும். இதை எழுத மறந்தவர்கள் கடைசியில் தொண்டிக் கணவாயின் அளவுகளை அட்லாண்டிக் கணவாயின் பெயரில் அச்சிட்டதை நான் கண்டிருக்கிறேன்.

வெள்ளைத் தட்டு ஒன்றில் கணவாயைக் கிடத்தி, தலைக்குக் கீழே குழாய்போல நீட்டிக்கொண்டிருக்கும் புனல் மேலே தெரியும்படி வைக்கவும். உடல் உறையின் ஓரத்தில் கத்தரிக்கோலின் மழுங்கிய முனையை நுழைத்து, நடுக்கோட்டில் நுனி வரை வெட்டி, இரு பக்கமும் விரித்தால் உள்ளே இருப்பது அனைத்தும் ஒரே பார்வைக்குள் வந்துவிடும். இறகுபோன்ற இரண்டு வெண் செவுள்கள் இரு பக்கமும் படுத்திருக்கும். ஒவ்வொரு செவுளின் அடியிலும் செவுளுக்கு மட்டும் இரத்தத்தைத் தள்ளும் ஒரு சிறு இதயமும், நடுவில் உடலுக்கெல்லாம் தள்ளும் மூன்றாவது இதயமும் இருக்கும். சிறிய கணவாயில் இவற்றைக் காண்பதற்குப் பொறுமை வேண்டும். வெள்ளி மினுக்கத்துடன் நீண்டு கிடக்கும் கரிய பையே மைப்பை. அதைத் தொடாமல் விடுவது நல்லது, தொட்டால் என்ன ஆகும் என்பதை எங்கள் ஆத்தங்குடித் தரைக்கல் ஒன்று இன்றும் சொல்லும். உறையின் உட்சுவரில், கழுத்துக்கு அருகே இரு பக்கமும் நட்சத்திரம்போல விரியும் நரம்பு முடிச்சைக் கண்டுபிடியுங்கள். அதிலிருந்து கிளம்பும் பெருநரம்பு இழைகள்தான், ஹாட்ஜ்கினும் ஹக்ஸ்லியும் நரம்பில் மின்துடிப்பு எப்படி ஓடுகிறது என்பதை விளக்கி 1963இல் நோபல் பரிசு பெற வழி செய்தவை. (அவர்கள் பயன்படுத்தியது வேறொரு பெரிய கணவாய் இனம். இந்தச் செய்தி சுவையானது, ஆனால் நம் அச்சுக்குப் பொருந்தாதது. மாணவியின் கட்டுரையிலிருந்து இதை நீக்கும்படி சொன்னேன், அவருக்குத்தான் மனமில்லை.) கடைசியாக முதுகுப் பக்கத்து நுனியைப் பிடித்து இழுத்தால், ஒளி ஊடுருவும் மெல்லிய தகடு ஒன்று வாளைப்போல உருவி வரும். மூதாதைகளிடம் ஓடாக இருந்தது இவற்றிடம் இந்த அளவுக்குச் சுருங்கிவிட்டது.

இனி உப்பு. வெட்டிய கணவாயின் உறைச் சதையைத் தோல் நீக்கி, சரியாக 50 கிராம் எடையுள்ள மூன்று துண்டுகளாக எடுத்துக்கொள்ளவும். ஒரு கிண்ணத்தில் லிட்டருக்கு 35 கிராம் வீதம் உப்புக் கரைத்த நீர், இன்னொன்றில் அதில் பாதியான 17.5 கிராம், மூன்றாவதில் வெறும் குடிநீர். ஒவ்வொன்றிலும் ஒரு துண்டைப் போட்டு ஒரு மணி நேரம் குளிர்பெட்டியில் வைத்து, எடுத்துத் துணியில் ஒற்றி, மீண்டும் எடை பார்க்கவும். குடிநீரில் கிடந்த துண்டு நீரைக் குடித்து ஊதியிருக்கும், விரலால் அழுத்தினால் தொளதொளவென்றிருக்கும். கணவாயை நெடுநேரம் நன்னீரில் ஊறப்போட்டு விற்றால் ஏன் எடை கூடுகிறது என்பது சமையலறைக்கும் தெரிந்த இரகசியமே. நடுக் கிண்ணத்தின் 17.5 என்பது விளையாட்டாக எடுத்த எண் அல்ல: குறுங்கணவாய் தாங்கிக்கொள்ளும் உப்பின் கீழெல்லை ஏறத்தாழ அந்த இடத்தில்தான் இருக்கிறது. தலைக்காலிகளால் தம் உடல்நீரின் மொத்தச் செறிவைச் சுற்றியுள்ள நீரிலிருந்து வேறுபடுத்தி வைத்துக்கொள்ள முடிவதில்லை. வெளியே உப்பு குறைந்தால் உள்ளேயும் குறைகிறது. குறுங்கணவாயின் திறமை, உப்பை உள்ளே பூட்டி வைப்பது அல்ல, உள்ளே குறைந்தாலும் தன் வேலையைத் தொடர்வது. தட்டில் கிடப்பது செத்த சதை என்பதால் அது சவ்வூடுபரவலைக் காட்டுமே தவிர, உயிருள்ள விலங்கு அதை எப்படிச் சமாளிக்கிறது என்பதைக் காட்டாது. இந்த எச்சரிக்கை வாக்கியம் இல்லாத சோதனைக் குறிப்புக்கு நான் மதிப்பெண் போடமாட்டேன்.

சாலமாண்டரைப் பொறுத்தவரை நிலைமை நேர்மாறானது. இங்கே அறுக்கவும் அளக்கவும் ஒன்றும் கிடைக்காது, கிடைத்ததாக எண்ணுவதுதான் ஆபத்து. வேலைக்குச் சேர்ந்த புதிதில், தோட்டத்துச் சருகில் ஓடிய அரணையைக் காட்டி “சாலமாண்டர் ஏறத்தாழ இப்படித்தான் இருக்கும்” என்று ஒரு வகுப்பு முழுவதற்கும் சொல்லிக்கொடுத்தவன் நான். வெளித்தோற்றம் ஒத்திருப்பது உண்மைதான். ஆனால் அரணை ஊர்வன. அதன் உடலில் வழவழப்பான செதில் உண்டு, விரல் நுனியில் நகம் உண்டு, நுரையீரல் உண்டு, நண்பகல் வெயிலில் கல்மேல் காயும். சாலமாண்டருக்குச் செதிலும் இல்லை, நகமும் இல்லை. முன்காலில் நான்கு விரல், பின்காலில் ஐந்து. அந்த வெயிலில் சிறிது நேரம் கிடந்தால் காய்ந்தே செத்துப்போகும். தமிழ்நாட்டில் சாலமாண்டர் கிடையாது. இந்தியாவிலும் டார்ஜிலிங் உள்ளிட்ட கிழக்கு, வடகிழக்கு மலைகளில் வாழும் டைலோடோட்ரைட்டான் பேரினம் மட்டுமே உண்டு. அதுவும் நீரில் முட்டையிடுவது, நுரையீரல் உடையது என்பதால் நம் ஒப்பீட்டில் பதிலாளாக நிற்காது. மழையில் முற்றத்துக்கு வரும் தவளையைப் பிடித்து அறுக்கலாமா என்று மாணவி கேட்டார், வேண்டாம் என்றேன். அதன் ஈரத் தோலைச் சற்று நேரம் பார்த்துக்கொண்டிருப்பது போதும். மீதியைத் தெளிவான புகைப்படங்களிலிருந்து பெறலாம். அவற்றில் மூன்றைத் தேட வேண்டும்: விலாவில் வரிசையாக ஓடும் பள்ளக் கோடுகள், மூக்குத் துளையிலிருந்து மேலுதட்டுக்கு இறங்கும் நுண்ணிய பள்ளம், தொண்டையின் துடிப்பு. இரண்டாவது பள்ளம் பிளெத்தோடான்டிடே குடும்பத்தின் அடையாளம். தரையில் படிந்த மணத்தை அது மூக்குக்கு ஏற்றிவிடுகிறது.

இந்தக் குடும்பத்தின் பெரிய செய்தி வேறு. வளர்ந்த செம்முதுகுச் சாலமாண்டருக்கு நுரையீரலும் இல்லை, செவுளும் இல்லை. உயிர்க்காற்று முழுவதும் ஈரமான தோல் வழியாகவும் வாயின் உட்சவ்வு வழியாகவும் நுழைகிறது. இதைச் சொல்லக் கேட்ட மாணவர்கள் தலையாட்டுவார்கள். உடல் ஏன் இவ்வளவு மெல்லியதாக, நீண்டதாக இருக்க வேண்டும் என்று கேட்டால் விழிப்பார்கள். அதற்கு எங்கள் ஊரில் ஒரு வழி உண்டு. ஒரே மாவில் ஒரே எடையில் ஒரு பங்கைப் பெரிய உருண்டையாகப் பிடியுங்கள், மற்றொரு பங்கைத் தேன்குழல் அச்சில் பிழியுங்கள். இரண்டையும் எண்ணெயில் போட்டால் இழைகள் உள்ளும் புறமும் வெந்து எழும்போது உருண்டையின் நடு மாவு பச்சையாகவே இருக்கும். எண்ணெயின் சூடு மேற்பரப்பு வழியாகத்தான் உள்ளே போகிறது. மேற்பரப்பு மிகுந்து உட்பகுதி மெலிந்திருந்தால் எல்லா இடத்துக்கும் விரைவில் சேர்கிறது. தோலால் மூச்சுவிடும் விலங்குக்கும் இதுதான் கணக்கு. அதனால்தான் அது தேன்குழல் இழைபோல இருக்கிறது. விலை என்னவென்றால், காற்றை உள்ளே விடும் அதே ஈரத் தோல் நீரையும் வெளியே விட்டுவிடுகிறது. எனவே மழை இரவுகளில்தான் சருகின்மேல் வந்து சிலந்திப்பூச்சி, எறும்பு, தாவுபூச்சி முதலியவற்றைத் தின்ன முடிகிறது, வறண்ட நாட்களில் மரக்கட்டைக்கு அடியிலோ மண்ணுக்குள்ளோ காத்திருக்க வேண்டியிருக்கிறது.

இப்படி ஒடுங்கி வாழும் ஒன்றை அற்பம் என்று எழுதிவிடக் கூடாது என்பதற்காக ஒரு தகவலைச் சேர்க்கச் சொன்னேன். நியூ ஹாம்ப்ஷயரில் உள்ள ஹப்பார்ட் புரூக் ஆய்வுக் காட்டில் பர்ட்டனும் லைகன்ஸும் 1975இல் வெளியிட்ட கணக்கின்படி, அக்காட்டுச் சாலமாண்டர்களின் மொத்த எடை, இனப்பெருக்கப் பருவத்துப் பறவைகளின் மொத்த எடையைப்போல ஏறத்தாழ இரு மடங்கு. சிறு பாலூட்டிகளின் எடைக்கு ஏறத்தாழச் சமம். அதில் பெரும்பகுதி இந்தச் செம்முதுகுடையது.

அளவுகளை எடுக்கும்போது ஒரு பொறி இருக்கிறது, பெரும்பாலானோர் அதில் விழுகிறார்கள். இரண்டு விலங்குகளுக்கும் “மொத்த நீளம்” என்று ஒரு வரி போட்டு, எண்களை எதிரெதிரே எழுதிவிடுகிறார்கள். கணவாயின் இரண்டு நீள் உணர்விரல்கள் இழுத்த இழுப்புக்கு நீளும். ஆகவே அதன் நீளம் என்பது உடல் உறையின் முதுகுப்பக்க நீளம் மட்டுமே. சாலமாண்டரின் வால், எதிரி கவ்வினால் கழன்று பிறகு புதிதாக வளரக்கூடியது. ஆகவே அதை மூக்கு நுனியிலிருந்து கழிவுப் புழை வரைதான் அளக்கிறார்கள். வாலோடு சேர்த்தால் பெரும்பாலும் 6 முதல் 10 சென்டிமீட்டர், அதில் ஏறத்தாழப் பாதி வால். உறை நீளத்தையும் மூக்கு–புழை நீளத்தையும் ஒரே கட்டத்தில் எழுதுவது, புடவையை முழத்திலும் வேட்டியைக் கெஜத்திலும் அளந்து எண்ணை மட்டும் ஒப்பிடுவதற்குச் சமம். பருமனை ஒப்பிட வேண்டுமென்றால் எடையை எடுத்துக்கொள்ளவும். இல்லையென்றால் இரு நீளங்களையும் தனித்தனி வாக்கியத்தில், எப்படி அளந்தது என்ற விளக்கத்துடன் எழுதவும்.

அடுத்தது, ஒற்றுமைகளைச் சோதிப்பது. வேறுபாடுகளைவிட ஒற்றுமைகள்தான் மாணவர்களை ஏமாற்றுகின்றன. ஒவ்வோர் ஒற்றுமைக்கும் “இது பொது மூதாதையிடமிருந்து வந்ததா, தனித்தனியே கிளைத்ததா?” என்ற கேள்வியைக் கேட்டு, பாடநூல் மொழியில் அமைப்பொத்த உறுப்பா, செயலொத்த உறுப்பா என்று குறித்துக்கொள்ள வேண்டும். கண்ணை எடுத்துக்கொள்வோம். இரண்டிலும் வில்லையும் விழித்திரையும் கொண்ட, காமிராவைப் போன்ற கண் இருக்கிறது. கணவாயின் கண்ணைக் கீறி அந்தக் கண்ணாடி மணி போன்ற வில்லையை உள்ளங்கையில் வைத்துப் பார்க்கும் எவருக்கும் உறவு உண்டென்றே தோன்றும். ஆனால் கணவாயின் விழித்திரையில் ஒளியுணர் செல்கள் ஒளியை நோக்கி இருக்கின்றன, நரம்பு பின்புறமாக வெளியேறுகிறது, குருட்டுப் புள்ளி இல்லை. சாலமாண்டரின் கண்ணில், நம் கண்ணைப் போலவே, செல்கள் ஒளிக்கு முதுகு காட்டி நிற்கின்றன, நரம்பு விழித்திரையைத் துளைத்துக்கொண்டு வெளியேறும் இடத்தில் பார்வை இல்லை. வந்து சேர்ந்த இடம் ஒன்று, வந்த வழி இரண்டு. ஆயினும் கண் நம் அச்சைச் சேர்ந்ததல்ல. முறையை விளக்க இங்கே சொன்னேன், கட்டுரையில் ஒரு பத்திக்குமேல் கொடுக்க வேண்டாம்.

நம் அச்சில் சரியாக உட்கார்ந்திருக்கும் ஒற்றுமை இனப்பெருக்கத்தில் இருக்கிறது, அதை அந்த ஐம்பத்திரண்டு வரிகளில் ஒன்றுகூடத் தொடவில்லை. இரண்டு இனங்களிலும் ஆண், விந்தைப் பொட்டலமாகக் கட்டித் தருகிறது. கணவாய் ஆண் அதற்கென மாறியமைந்த ஒரு கையால் அந்த விந்துப்பொதியைப் பெண்ணிடம் சேர்க்கிறது. சாலமாண்டர் ஆண் தரையில் வைத்துவிட்டு முன்னே நடக்க, பின்தொடரும் பெண் தன் கழிவுப் புழையால் அதை எடுத்துக்கொள்கிறது. திறந்த நீரில் விந்தைக் கொட்டிவிடும் சிப்பிகளும், முட்டைகளின்மேல் நீரிலேயே விந்தைப் பொழியும் பெரும்பாலான தவளைகளும் இவற்றின் உறவினர்களாக இருக்கும்போது, இந்தப் பொட்டல வழக்கம் இரு கூட்டங்களிலும் தனித்தனியே தோன்றியது.

அடுத்து, குஞ்சு. சிப்பிக்கும் கடல் நத்தைக்கும் நீரில் மிதக்கும் லார்வாப் பருவம் உண்டு. கணவாய்க்கு அது இல்லை, முட்டையிலிருந்து வெளிவருவது பெற்றோரின் வடிவில் உள்ள சின்னஞ்சிறு கணவாயே. தவளைக்குத் தலைப்பிரட்டை உண்டு. செம்முதுகுச் சாலமாண்டருக்கு அது இல்லை, முட்டைக்குள் இருக்கும்போது கருவின் கழுத்தில் கிளைத்திருக்கும் செவுள்கள் வெளிவந்த சில நாட்களில் மறைந்துவிட, நான்கு கால்களோடு ஒரு குட்டிச் சாலமாண்டர் சருகில் நடந்துபோகிறது. தன் கூட்டத்தின் குழந்தைப் பருவத்தை இரண்டுமே முட்டைக்குள் மடித்து வைத்துவிட்டன. இந்த ஒற்றுமையை வைத்துக்கொண்டுதான் வேறுபாட்டைக் காட்ட வேண்டும். அப்போதுதான் வேறுபாட்டுக்குப் பொருள் வருகிறது. மாதிரிக்காக நான் சொல்லி மாணவி எழுதிக்கொண்ட பத்தி இது:

“இரண்டு இனங்களிலும் லார்வா இல்லை, ஆனால் லார்வா இல்லாமையின் சுமையை இரண்டும் வெவ்வேறு விதமாகத் தாங்குகின்றன. குறுங்கணவாய் தன் முட்டைகளைக் கூழுறைக்குள் பொதித்து நீரடியில் ஒட்டவைத்துவிட்டு விலகிவிடுகிறது. அதன் ஆயுள் ஓராண்டுகூட இல்லை. செம்முதுகுச் சாலமாண்டர் மக்கிய மரத்தின் பொந்தில், திராட்சைக் கொத்தைப்போல ஒரு சில முட்டைகளையே தொங்கவிட்டு, அவை பொரியும் வரை ஆறு முதல் எட்டு வாரங்கள் அவற்றைச் சுற்றி உடலை வளைத்துக் காவல் இருக்கிறது; பல ஆண்டுகள் வாழும் அதற்கு இந்தக் காத்திருப்பு கட்டுப்படியாகிறது. நீர், கணவாயின் முட்டையைக் காயாமல் காக்கிறது. அந்த நீர் இல்லாத இடத்தில் தாயின் ஈர உடலே முட்டையின் நீராக நிற்கிறது.”

இந்தப் பத்தியின் கட்டமைப்பைக் கவனியுங்கள். முதல் வாக்கியம் ஒற்றுமையைச் சொல்லி வேறுபாட்டின் திசையைக் காட்டுகிறது. அடுத்து ஒவ்வொரு விலங்குக்கும் ஒன்றிரண்டு வாக்கியங்கள். கடைசி இரண்டு வாக்கியங்கள் காரணத்தை நீர் என்ற அச்சுக்குத் திருப்புகின்றன. “ஆனால்”, “மாறாக” என்ற சொற்கள் பத்திக்கு ஒன்றுக்குமேல் வந்தால் அட்டவணை மீண்டும் உள்ளே நுழைந்துவிட்டது என்று பொருள்.

மூச்சையும் இரத்தத்தையும் பற்றிய பத்தியை இதே முறையில் மாணவியே எழுதினார். கணவாய்க்குச் செவுள் இருக்கிறது, அதோடு மெல்லிய தோலின் வழியாகவும் ஓரளவு மூச்சு நடக்கிறது. சாலமாண்டருக்குத் தோலும் வாயும் மட்டுமே. கணவாயின் இரத்தத்தில் உயிர்க்காற்றைச் சுமப்பது செம்பு கொண்ட ஹீமோசயனின், அது திரவத்திலேயே கரைந்திருக்கிறது. சாலமாண்டரிடம் இரும்பு கொண்ட ஹீமோகுளோபின், சிவப்பணுக்களுக்குள். ஹீமோசயனின் சுமக்கும் அளவு குறைவு, கணவாயோ நீரைப் பீச்சி விரைந்து நீந்துவதால் செலவு மிகுதி. மூன்று இதயங்களும் அதற்காகவே உழைக்கின்றன. சாலமாண்டர் நாள் முழுவதும் கட்டைக்கு அடியில் அசையாமல் கிடக்கக்கூடியது, குளிர் நிலத்தது, செலவு மிகக் குறைவு. அந்தச் சிக்கனத்தால்தான் நுரையீரலைத் துறக்க முடிந்தது. “நீலம், சிவப்பு” என்று முன்பு ஒரே வரியில் இருந்தது இப்போது முக்கால் பக்கமாகியிருந்தது, தேவையான முக்கால் பக்கம்.

நிறத்தைப் பற்றி அதிகம் எழுத வேண்டாம். கணவாயின் நிறப்பைகளைத் தசைகள் இழுத்து நொடிக்குள் விரிக்கின்றன, சாலமாண்டரின் முதுகுப் பட்டை நிலையானது, இவ்வளவு போதும்.

அட்டவணை கடைசியில்தான் வர வேண்டும், கட்டுரையில் பேசப்பட்ட வரிகள் மட்டுமே அதில் இருக்க வேண்டும். அந்த மாணவியின் ஐம்பத்திரண்டு வரிகள் ஒன்பதாயின. “கால்கள்: பத்து, நான்கு” என்ற வரியை முதலில் அடித்தேன், கணவாய்க்கு இருப்பவை எட்டுக் கைகளும் இரண்டு நீள் உணர்விரல்களும், அவை சாலமாண்டரின் கால்களுக்கு எந்த வகையிலும் ஈடல்ல. ஓவியங்களில் அளவுகோட்டைப் போடவும். இரண்டையும் ஒரே நீளத்துக்கு வரைந்து பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், இரண்டும் ஒரே அளவு என்று படிப்பவர் எண்ணிவிடுவார். படத்தின் அடிக்குறிப்பில் மாணவி “குறுங்கணவாய், உட்புறத் தோற்றம்” என்று எழுதியிருந்ததை அடித்து, “ஊசிக் கணவாய், தொண்டி, குறுங்கணவாயின் குடும்பம்” என்று மாற்றினோம். அந்தப் பக்கத்தின் ஓரத்தில் மைப்பையிலிருந்து தெறித்த பழுப்புக் கறை ஒன்று இருந்தது. வேறு தாளில் எழுதித் தரவா என்று கேட்டார். அப்படியே இருக்கட்டும் என்றேன். மிச்சக் கணவாயை அதற்குள் ஆச்சி மிளகு போட்டு வறுத்திருந்தார். குடிநீரில் ஊறிய துண்டை மட்டும் அவர் சட்டியில் சேர்க்கவில்லை.